டயரைத் திருப்பிப் பார்க்காதவர்கள்

உங்கள் வண்டியின் முன்பக்க இடது டயரில் காற்று குறைவாக இருக்கிறது, மேடம். நேற்று என்னை அதில் ஏற்றிக்கொண்டு வந்தபோதே கவனித்தேன். கையில் விலங்கோடு அதைச் சொன்னால் நன்றாக இருக்காது என்று பேசாமல் வந்துவிட்டேன். இன்றைக்கு வீட்டுக்குப் போகும் முன் காற்றுப் பிடித்துக்கொள்ளுங்கள். மே மாதக் கடைசியில், இந்த அரிசோனா வெயிலில், காற்று குறைந்த டயரோடு ஓடுவது நல்லதில்லை.

வக்கீல் வேண்டாம் என்று காலையிலேயே கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டேன். எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறேன். மூடி மறைத்துப் பேசுகிற பழக்கம் எனக்கு எப்போதும் இருந்ததில்லை. மேசையில் ஒரு பிளாஸ்டிக் பையில் டயர்த் துண்டு ஒன்றைக் கவிழ்த்து வைத்திருக்கிறீர்கள். அது அப்படியே கிடக்கட்டும், எனக்கு இடைஞ்சல் இல்லை.

உங்களுக்கு வேண்டியது ஒரு பெயர். நேற்றுக் காலை என் கடையில் நான்கு டயரும் மாற்றிக்கொண்டு போன குடும்பம் எது, எந்த ஏரிக்கரையில் தங்கியிருக்கிறது என்று கேட்கிறீர்கள். எனக்கு வேண்டியது ஒரு வரி. ஐந்து வருடத்துக்கு முன்னால் என் மகள் மார்லிஸ் செத்ததற்கு, அவள் புருஷன் டாரில் டயரைத் திருப்பிப் பார்க்காததுதான் காரணம் என்று உங்கள் அறிக்கையில் ஒரு வரி எழுத வேண்டும். நீங்கள் எழுதியதும் நான் சொல்லிவிடுகிறேன். பதற வேண்டாம். பிள்ளைகள் காலையில் ஏரியில் குளிக்க வேண்டுமாம், பதினோரு மணிக்குத்தான் கிளம்புவோம் என்று அந்த அப்பா சொல்லிக்கொண்டிருந்தார். இப்போது மணி ஒன்பதுகூட ஆகவில்லை.

நீங்களாகத் தேடிப் பார்க்கலாம், தடுக்கவில்லை. வெள்ளை பிக்கப், வெள்ளை டிரெய்லர். விடுமுறை வாரத்தில் இந்த மாவட்டத்தில் அப்படி ஆயிரம் வண்டி நிற்கும்.

என் பெயர் ஆர்ரின் ஸ்டட்லர். வயது அறுபத்து மூன்று. சால்ட் வாஷ் ஊர் எல்லையில், நெடுஞ்சாலை ஓரமாக, முப்பத்தோரு வருடமாக டயர் கடை வைத்திருக்கிறேன். மாவட்டத்தில் எங்கே வண்டி கவிழ்ந்தாலும் தூக்கி வர என் இழுவை லாரியைத்தான் உங்கள் அலுவலகத்திலிருந்து கூப்பிடுவார்கள். லாரிக்காரர்களும் கார்க்காரர்களும் வருவார்கள் என்றாலும் கடைக்குச் சோறு போடுவது டிரெய்லர்க்காரர்கள்தான். பனிக்காலம் வந்தால் வடக்கேயிருந்து வயசாளிகள் எல்லாம் படுக்கை, அடுப்பு, கக்கூஸ் சகிதம் வீட்டையே வண்டிக்குப் பின்னால் கட்டி இழுத்துக்கொண்டு இங்கே வந்துவிடுவார்கள். கோடை வந்தால் பிள்ளைகுட்டிக்காரர்கள் வருவார்கள்.

கார் டயர் தேய்ந்து சாகும், டிரெய்லர் டயர் நின்றே சாகும். வருடத்தில் பத்து மாதம் டிரெய்லர் ஒரே இடத்தில் வெயிலில் நிற்கிறது. தரையில் உருளுகிற பக்கத்துப் பட்டன் ஒரு மயிரிழைகூடத் தேயாது. பார்த்தால் நேற்று வாங்கிய மாதிரி இருக்கும். உள்ளே ரப்பர் காய்ந்து, கம்பியை விட்டுக் கழன்றுகொண்டிருக்கும். ஐந்து வருடம் ஆகிவிட்டால் அதை நம்பக் கூடாது. ஏழு ஆனால் அது டயரே இல்லை, சாலை சூடேறியதும் வெடித்துவிடும்.

அதனால்தான் வயதைப் பார்க்க வேண்டும் என்கிறேன். ஒவ்வொரு டயரிலும் நான்கு எண்கள் பொறித்திருக்கும். முதல் இரண்டும் எத்தனையாவது வாரம், அடுத்த இரண்டும் எந்த வருடம். ஆனால் அது ஒரு பக்கத்தில்தான் இருக்கும். மறு பக்கம் வழவழவென்று கிடக்கும். எந்தப் பக்கத்தை வெளியே வைத்து மாட்டுவது என்பது மாட்டுகிறவன் கையில் இருக்கிறது. ஆகவே வாங்குகிறவன் டயரைத் திருப்பிப் பார்க்க வேண்டும். கையில் கொஞ்சம் கரி ஒட்டும், அவ்வளவுதான் கஷ்டம்.

யார் பார்க்கிறார்கள்? எங்கள் ஊர் ஆண்பிள்ளைகள் டயரை உதைத்துப் பார்ப்பார்கள். அப்பன் உதைத்தான், பாட்டன் உதைத்தான், இவனும் உதைக்கிறான். பூட்ஸ் காலால் ஒன்று கொடுத்து, தலையை ஆட்டி, "கிண்ணுனு இருக்கு" என்பார்கள். உதைத்தால் டயர் தன் வயதைச் சொல்லுமா? முப்பத்தோரு வருடம் அந்தக் கூத்தைப் பார்த்துக்கொண்டு நின்றவன் நான்.

மார்லிஸ் எனக்கு ஒரே பெண். கல்யாணமாகி ஒரு வருடம் கழித்து அவளும் டாரிலும் பழைய டிரெய்லர் ஒன்று வாங்கி, அதற்கு மஞ்சள் திரையெல்லாம் தைத்துப் போட்டு, மலைப்பக்கம் கிளம்பினார்கள். கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்னால்தான் நான்கு டயரும் மாற்றியிருந்தார்கள். எங்கே மாற்றினார்கள் என்பது இங்கே முக்கியம் இல்லை. டயர் மாட்டியபோது டாரில் பக்கத்தில்தான் நின்றான் என்பதுதான் முக்கியம். கையில் சோடா பாட்டிலோடு சிரித்துப் பேசிக்கொண்டு நின்றான். தன் பங்குக்கு ஒரு உதை உதைத்தான். திருப்பிப் பார்க்கவில்லை.

அவர்கள் கிளம்பிய அன்று மதியம் உங்கள் அலுவலகத்திலிருந்து கூப்பிட்டார்கள். சாடில்ராக் ஏற்றத்தில் ஒரு டிரெய்லர் கவிழ்ந்து கிடக்கிறது, லாரியைக் கொண்டுவா என்றார்கள். யாருடையது என்று சொல்லவில்லை, அவர்களுக்கும் தெரியாது. போய்ப் பார்த்தால் சாலை முழுக்கப் பலகையும் பஞ்சும் சட்டி பானையும் சிதறிக் கிடந்தன. முள்வேலியில் ஒரு மஞ்சள் திரை மாட்டிக்கொண்டிருந்தது. பிக்கப் தலைகீழாகக் கிடந்தது. டாரிலின் கால் இரண்டு இடத்தில் முறிந்து எலும்பு வெளியே தெரிந்தது, ஆனால் உயிர் இருந்தது. மார்லிஸ் பக்கம் கூரை இருக்கை வரைக்கும் அமுங்கிவிட்டது. இரும்பை அறுத்து அவளை எடுக்க ஒன்றே கால் மணி நேரம் ஆயிற்று. அறுக்கும் மிஷினைப் பிடித்தவன் நான்தான். வேறு ஆள் இல்லை.

பிறகு வழக்கம்போலச் சாலையைச் சுத்தம் செய்தேன். டயர்த் துண்டுகளைப் பொறுக்கினேன். மற்ற வண்டிகள் ஏறிவிடக் கூடாதல்லவா? மூன்று சக்கரம் கிடைத்தது, வெடித்த நான்காவது கிடைக்கவில்லை. இருட்டும் வரைக்கும் தேடினேன். பள்ளத்தில் எங்கோ உருண்டு போயிருக்க வேண்டும்.

என் மனைவி ஜார்ஜீன் காரியமெல்லாம் முடிந்த அன்று என்னிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "ஆர்ரின், அந்த டயருல தேதி பாத்தியா?" துக்கத்தில் இருப்பவர்கள் என்னென்னவோ கேட்பார்கள். மறு வாரம் என் வேலைச் சட்டைகளையெல்லாம் துவைத்து மடித்து வைத்துவிட்டு, ஓரிகனில் இருக்கும் தங்கை வீட்டுக்குப் போய்விட்டாள். பிறகு வரவில்லை.

நான் பல மாதம் யோசித்தேன். என் பெண் செத்தது விதியால் இல்லை. ஒருவன் சோம்பலால் செத்தாள். அப்படிச் சோம்பி நிற்கிறவர்கள் தினமும் என் கடைக்கு வருகிறார்கள், உதைக்கிறார்கள், பெண்டாட்டி பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போகிறார்கள். அவர்களுக்கு ஒரு பரீட்சை வைத்தால் என்ன என்று தோன்றியது.

கொட்டகையில் பழைய டயர்கள் கொஞ்சம் கிடந்தன. மூடிப்போன ஒரு கடையிலிருந்து மொத்தமாக எடுத்தவை, ஒவ்வொன்றும் கறுப்பு உறை போட்டுக் கட்டியது. வெயில் படாததால் வெளியே வெடிப்பு இல்லை. மெருகு எண்ணெய் தடவினால் கண்ணாடி மாதிரி மின்னும். வருடத்துக்கு ஒரு தடவை, மார்லிஸ் செத்த வாரத்தில், முதலில் டிரெய்லர் டயர் கேட்டு வருகிறவருக்கு நான்கை எடுத்து, தேதி இருக்கும் பக்கம் சுவரைப் பார்க்கச் சாய்த்து வைப்பேன். "நல்லாப் பார்த்துட்டுச் சொல்லுங்க" என்று மூன்று தடவை சொல்வேன். மூன்று தடவை, மேடம். திருப்பிப் பார்த்தால் புது டயர் கிடைக்கும். பார்க்காவிட்டால் சாய்த்து வைத்தது கிடைக்கும். இதைவிட நியாயமாக எப்படிச் செய்வது என்று எனக்குத் தெரியவில்லை.

முதல் வருடம் ஆர்விட் ஹாகனும் அவர் மனைவி எல்வாவும் வந்தார்கள். வடக்கு டகோட்டாவில் உருளைக்கிழங்கு போட்டவர்கள். ஒவ்வொரு வருடமும் எனக்கு ஒரு பாட்டில் பழ ஜாம் கொண்டுவந்து தருவார்கள். அந்த வருடம் எல்வாவுக்குக் கண் ஆபரேஷன், அதனால் ஊருக்குத் திரும்பத் தாமதமாகிவிட்டது. வேறு யாராவது முதலில் வந்திருக்கலாம் என்று நானும் நினைத்தேன். முறை என்றால் முறைதான்.

"என்ன ஆர்ரின், பொண்ணு பாக்க வந்தவனுக்குக் காட்டுற மாதிரி நாலையும் பவுடர் பூசி நிக்க வச்சிருக்கே?" என்றார் ஆர்விட்.

"நல்லாப் பார்த்துட்டுச் சொல்லுங்கண்ணே."

அவர் ஓர் உதை விட்டார். பிறகு கொஞ்சம் தள்ளி நின்று பார்த்தார்.

"கல்யாணத்துக்கு முன்னாடி என்னைக்கூட இவ்வளவு நேரம் பாக்கல இந்த மனுசன்," என்றார் எல்வா.

"அப்பவே உதைச்சுப் பாத்திருக்கணும்டி," என்று ஆர்விட் சொல்ல, அந்த அம்மாள் கைப்பையால் அவர் தோளில் ஒன்று போட்டார். நானும் சிரித்தேன்.

"இன்னொரு தடவை பார்த்துக்குங்கண்ணே," என்றேன்.

"உன்னை நம்பாம வேற எவனை நம்புறது? பதினோரு வருசமா உன்கிட்டத்தானே வர்றேன். மாட்டுப்பா."

நம்பிக்கை என்று அழகாகப் பெயர் வைத்துவிடுகிறார்கள். கையில் கரி படக்கூடாது, அதுதான் விஷயம். மாட்டிக் கொடுத்தேன். மூன்றாவது தடவையும் சொன்னேன்.

அவர்கள் கிளம்பியதும் நானும் லாரியை எடுத்துக்கொண்டு பின்னாலேயே போனேன். பரீட்சை வைத்தவன் முடிவையும் பார்க்க வேண்டாமா? நாற்பதாவது மைலில் வலது பின்டயர் வெடித்தது. வெடித்த டயர் சும்மா இருக்காது. பட்டன் பட்டை பட்டையாகக் கிழிந்து, சாட்டை மாதிரி சுழன்று, டிரெய்லரின் அடித்தளத்தைப் பிய்த்து எறிந்தது. டிரெய்லர் இந்தப் பக்கம் ஒரு ஆட்டம், அந்தப் பக்கம் ஒரு ஆட்டம். மூன்றாவது ஆட்டத்தில் பிக்கப்பையும் இழுத்துக்கொண்டு சரிவில் இறங்கியது. நான்கு தடவை உருண்டது.

எல்வா முன்கண்ணாடி வழியாகப் பாதி வெளியே வந்திருந்தார். முகம் கண்ணாடி நொறுங்கலில் அடையாளம் தெரியாமல் ஆகிவிட்டது. அவர் கஷ்டப்படவில்லை. ஆர்விட் கஷ்டப்பட்டார். ஸ்டியரிங் நெஞ்சுக்குள் இறங்கியிருந்தது. ஒவ்வொரு மூச்சுக்கும் வாயில் நுரையாக இரத்தம் வந்தது. கிட்டத்தட்ட இருபது நிமிடம். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நான் ஒன்றும் மிருகம் இல்லை.

"டயராப்பா?" என்றார்.

"ஆமாண்ணே."

"புதுசாச்சே."

அவரிடம் பொய் சொல்ல மனம் வரவில்லை. "இல்லண்ணே, எட்டு வருசப் பழசு. நீங்க திருப்பிப் பார்க்கலை," என்றேன். அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். புரிந்ததா என்று தெரியவில்லை. புரிந்திருக்க வேண்டும் என்பது என் ஆசை.

எல்லோரும் அப்படி இல்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். மறு வருடம் ஸெல்மா புரூயிட் என்ற அம்மாள் வந்தார். எழுபது வயது, தனியாக டிரெய்லர் இழுக்கிறவர், முன்பு பள்ளி பஸ் ஓட்டியவர். வந்த வேகத்தில் டயரைப் பிடித்து இழுத்து, பின்பக்கம் எட்டிப் பார்த்து, மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் பார்த்தார்.

"ஏன்யா, இது ஒம்பது வருசத்து டயரு. எவன் தலையில கட்டலாம்னு பாக்குறே? என் தலையிலயா?"

"தப்பு நடந்துபோச்சும்மா, மன்னிச்சுக்குங்க."

"தப்பாம்ல தப்பு. மூஞ்சியைப் பாத்தா பூனை, பண்றதெல்லாம் நரி வேலை. நாப்பது பிள்ளைங்களைப் பின்னால வச்சு ஓட்டினவ நான். எங்கிட்ட இந்த வேலை ஆகாது, சொல்லிட்டேன்."

எனக்கு அவ்வளவு சந்தோஷம், மேடம். கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. அந்த வாரம் வந்த புத்தம்புது டயராகப் பார்த்து மாட்டிக் கொடுத்தேன். போகும்போதுகூடத் திட்டிக்கொண்டேதான் போனார். இன்னும் நன்றாக இருக்கிறார், கிறிஸ்துமஸ் சமயம் பார்த்தேன். நான் கொலைகாரன் என்றால் அவரை ஏன் விடுகிறேன்?

மூன்றாம் வருடம் லோவல் டிபெட்ஸ் என்பவர். இடது டயர் வெடித்து எதிர்ச் சாலைக்குப் போய்விட்டார். அவருக்கு ஒரு கை போனது. எதிரே மோட்டார் சைக்கிளில் வந்த பையனின் மேல் டிரெய்லர் ஏறியது. அவன் கடைக்கு வந்தவன் இல்லை, பரீட்சையிலும் இல்லை. ஹெல்மெட்டைத் தூக்கியபோது கனமாக இருந்தது, அப்படியே கீழே வைத்துவிட்டேன். அதற்காக வருத்தப்பட்டேன். அந்தப் பாவம் டிபெட்ஸைச் சேரும்.

நான்காம் வருடம் ஒரு கனடாக்காரத் தம்பதி. அவர்களுக்கு ஊர் எல்லையிலேயே, மெதுவாகப் போகும்போதே வெடித்துவிட்டது. ஒரு கீறல் இல்லை. திரும்பி வந்து கத்தினார்கள். நான்கையும் கழற்றிப் போட்டுவிட்டுப் புது டயர் மாட்டி அனுப்பினேன். பிழைக்க வேண்டும் என்றிருந்தால் பிழைக்கிறார்கள்.

நேற்று வந்ததுதான் நீங்கள் கேட்கிற குடும்பம். அப்பா, அம்மா, ஒரு கைக்குழந்தை, ஆறு வயதில் முன்பல் விழுந்த ஒரு பெண் குழந்தை. அப்பா உதைத்தார். நான் மூன்று தடவை சொன்னேன். அவர் போனைப் பார்த்துக்கொண்டே, "பார்த்தாச்சு சார், சூப்பர், மாட்டிடுங்க," என்றார். அந்தக் குழந்தை மட்டும் டயருக்கும் சுவருக்கும் நடுவே தலையை நுழைத்தாள்.

"அப்பா, இங்க நம்பர் எழுதியிருக்கு. மூணு, ஒண்ணு, சைபர், அஞ்சு."

"கையெல்லாம் கரியாகும், வா இந்தப் பக்கம்."

"அப்பா, என்ன நம்பர்ப்பா அது?"

"டயர் நம்பர்டா கண்ணு. தொடாதே. அம்மாகிட்டப் போ."

குழந்தை திருப்பிப் பார்த்ததைக் கணக்கில் எடுத்துக்கொள்ளலாமா என்று நேர்மையாகவே யோசித்தேன். முப்பத்தோராவது வாரம், இரண்டாயிரத்து ஐந்து. பன்னிரண்டு வருடம். சத்தமாகப் படித்தும் சொல்லிவிட்டாள். ஆனால் ஓட்டப்போவது அவள் இல்லை. பார்க்க வேண்டியவர் பார்க்கவில்லை. குழாயடிக்குக் கூட்டிப்போய் அவள் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டேன். சின்னக் கை. பிறகு டயரை மாட்டினேன், எண் உள்பக்கம் இருக்கும்படி.

பின்னாலேயே போகத்தான் லாரிச் சாவியைக் கையில் எடுத்தேன். டாரில் வந்துவிட்டான்.

ஐந்து வருடமாக அவன் என் கடை வாசலை மிதித்ததில்லை. காலைச் சாய்த்துச் சாய்த்து நடந்து வந்தான். பக்கத்து மாவட்டத்தில் உடைந்த வண்டிகளைப் போட்டு வைக்கும் இடம் ஒன்றை மூடுகிறார்களாம். உன் சாமான் ஏதோ கிடக்கிறது, எடுத்துக்கொள் என்று கூப்பிட்டிருக்கிறார்கள். பள்ளத்தில் கிடந்த அந்த நான்காவது சக்கரத்தை யாரோ என்றைக்கோ கொண்டுவந்து அங்கே போட்டிருக்கிறார்கள். அதில் ஒட்டியிருந்த டயரை அறுத்து ஒரு துண்டு கொண்டுவந்திருந்தான். அதை என் வேலை மேசையில் கவிழ்த்து வைத்தான். நீங்கள் வைத்திருக்கிற மாதிரியே.

"மாமா, அதைத் திருப்பிப் பாருங்க."

"வேலை இருக்கு மாப்ளே. அப்புறம் வா."

"அஞ்சு வருசமா தெனம் ராத்திரி நான்தான் அவளைக் கொன்னேன்னு நினைச்சுக்கிட்டுப் படுத்தேன் மாமா. வேகமாப் போயிட்டேனோ, பிரேக்கைத் தப்பா மிதிச்சுட்டேனோன்னு. நீங்களும் எல்லார்கிட்டயும் அதைத்தான் சொன்னீங்க. திருப்பிப் பாருங்க."

"நீ பார்க்கலை. பார்க்க வேண்டியவன் நீ."

"சண்டை போட வரலை மாமா. ஒரே ஒரு தடவை பாருங்க, போதும். நான் போயிடுறேன்."

அவன் குரலை உயர்த்தவே இல்லை. அதுதான் எனக்கு எரிச்சலாக இருந்தது. அழுதுகொண்டிருந்தான். ஆனாலும் விடவில்லை. டயரை ரிம்மிலிருந்து கழற்ற அடிக்கிற நீளப்பிடிச் சுத்தியல் என் கைக்கு எட்டும் தூரத்தில், அதற்கு அடித்த ஆணியில், எப்போதும் தொங்கும். முதல் அடி தாடையில் விழுந்தது. பல் சிமெண்டுத் தரையில் தெறித்த சத்தம் கேட்டது. அவன் மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றான். வாயில் இரத்தமும் பல்லுமாக, "திருப்பிப் பாருங்க மாமா," என்றான் மறுபடியும். சொற்கள் சரியாக வரவில்லை, எனக்குப் புரிந்தது. இரண்டாவது அடிக்கு விழுந்தான். மூன்றாவதுக்குப் பிறகு பேசவில்லை.

பதினேழு அடி என்று டாக்டர் எண்ணியதாகச் சொன்னீர்கள். எனக்கு மூன்றுதான் நினைவிருக்கிறது. படித்தவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும். முகம் என்று ஒன்றும் மிச்சம் இல்லை என்றும் சொன்னீர்கள். நான் சுத்தியலைக் கழுவித் துடைத்து ஆணியில் மாட்டினேன். தரையில் மரத்தூள் போட்டேன். பார்சல் கொண்டுவந்தவர் உள்ளே எட்டிப் பார்த்து வாந்தி எடுத்தபோது, நான் ஒரு கைவண்டிச் சக்கரத்துக்குப் பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்தேன். வாக்குக் கொடுத்த வேலை அது.

இதோடு எல்லாம் சொல்லியாயிற்று. அந்த வரியை எழுதினீர்களா?

உறைகளைப் பற்றி ஏன் கேட்கிறீர்கள் என்று தெரியவில்லை. ஆமாம், கொட்டகையில் கறுப்பு உறைகளை மடித்து அடுக்கி வைத்திருக்கிறேன். எதையும் தூக்கி எறிகிற பழக்கம் எனக்கு இல்லை. இருபது இருந்தன என்கிறீர்கள். இருக்கலாம். ஹாகன் நான்கு, டிபெட்ஸ் நான்கு, கனடாக்காரர்கள் நான்கு, நேற்று நான்கு. பதினாறு. நீங்கள் நன்றாகவே எண்ணுகிறீர்கள், மேடம். உங்களை மாதிரி ஆட்கள் என் கடைக்கு வந்திருந்தால் இவ்வளவு தூரம் வந்திருக்காது.

முதல் நான்கு வேறு ஒருவருக்குப் போனது. அது பரீட்சை இல்லை. அப்போது நான் பரீட்சை எதுவும் வைக்கவில்லை.

மொத்தமாக வாங்கிய சரக்கு, உறை பிரிக்காதது, பட்டன் ஒரு மயிரிழை தேயாதது. இருபத்தாறு வருடக் கை, பார்த்தாலே தெரியும் என்று இருந்தேன். பெண்ணுக்குச் சீராக என்ன கொடுப்பது? டயர்க்காரன் டயர்தான் கொடுப்பான். என் கையாலேயே மாட்டினேன். "தேங்க்ஸ்பா," என்று கரி படிந்த கன்னத்தில் முத்தம் கொடுத்தாள், அவள் உதட்டிலும் கரி ஒட்டிக்கொண்டது. டாரில் சோடா பாட்டிலோடு நின்றுகொண்டு, "மாமா பார்த்து எடுத்தா சரியாத்தான் இருக்கும்," என்றான். அதைத்தான் சொல்கிறேன். மாமனார் கொடுத்தால் என்ன, மகாராஜா கொடுத்தால் என்ன? திருப்பிப் பார்க்க வேண்டியது அவன் பொறுப்பு. மாட்டிக் கொடுக்கிறவன் பொறுப்பு அதில் எங்கே வருகிறது?

அந்தப் பையை என் பக்கம் தள்ளாதீர்கள். பார்க்க வேண்டிய அவசியம் இல்லை. என் கடை டயர் எனக்குத் தெரியாதா?

மணி ஒன்பதே முக்கால். சுவர்க் கடிகாரத்தைப் பார்க்கிறீர்கள், புரிகிறது. அந்தக் குழந்தை இந்நேரம் தண்ணீரில் இருக்கும். நான் அதைத் திருப்பிப் பார்த்தால் பெயரைச் சொல்வேனா என்று கேட்கிறீர்கள். நேர்மையாகச் சொல்கிறேன், மேடம், அதைத் திருப்புவது என்னால் ஆகாது. அவன்தான் பார்க்கவில்லை என்று எழுதுங்கள், அடுத்த நிமிடம் சொல்லிவிடுகிறேன். அவசரப்பட்டு எழுத வேண்டாம், பிழையில்லாமல் எழுதுங்கள். சாலை சூடேற இன்னும் நேரம் இருக்கிறது.